பன்னிரண்டு கேள்விகளும் ஒரு மெத்தையும்

அவளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு; ஆனால் அது சம்பளப் பட்டியலில் மட்டுமே உயிர்வாழ்ந்தது. மெத்தைத் தொழிற்சாலையில் வாயிற்காவலர் முதல் மேலாளர் வரை எல்லோரும் அவளைப் புள்ளி என்றே அழைத்தனர். புள்ளியியல் படித்தவள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. புள்ளியின் பழக்கங்களும் அந்தப் பெயருக்கு ஏற்றவையே. தேநீரில் சர்க்கரை போதுமா என்று கேட்டால், மேலே ஒரு மிடறு, நடுவில் ஒரு மிடறு, அடியில் ஒரு மிடறு என்று பருகிய பின்னரே விடை சொல்வாள். அதற்குள் தேநீர் தீர்ந்திருக்கும். நலமா என்று வினவுவோரிடம், நலந்தான், சற்று முன்பின் இருக்கலாம் என்பாள். எந்த எண்ணையும் முன்னிருந்து ஒருமுறையும் பின்னிருந்து ஒருமுறையும் படித்தாலன்றி நம்பமாட்டாள். ஓர் அறிக்கையில் கையெழுத்திடுவதற்கு முன், அதில் சொல்லப்பட்ட செயலைத் தானே ஒருமுறை செய்து பார்த்தாக வேண்டும் என்பது அவள் தனக்கு விதித்துக்கொண்ட நியதி. தலையணை உறையைப் பற்றிய அறிக்கை ஒன்றுக்காக, உறையைத் தலையிலேயே மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று ஒரு கதை உலவிற்று. அவள் அதனை மறுத்ததில்லை. இவை எல்லாவற்றிற்கும் மேலாக, தான் பகலில் ஒருபோதும் கண் அயர்ந்ததில்லை என்பதில் அவளுக்கு அளவற்ற பெருமை.

அவளுடைய கணவர் அதே தொழிற்சாலையில் மெத்தைகளை வடிவமைப்பவர். ஆதலால் மெத்தைக்காரர் என்பது அவர் பெயராயிற்று. மேலே இளகும் ஓர் அடுக்கும் கீழே முதுகைத் தாங்கும் ஓர் அடுக்குமாகப் புதுமெத்தை ஒன்றை அவர் பல காலம் பாடுபட்டு உருவாக்கியிருந்தார். வீட்டில் உணவு உண்ணும்போதும் அதன் பேச்சுத்தான். கணவரின் அக்காள் அந்த மெத்தைக்குச் சின்னவள் என்று பெயர் சூட்டியிருந்தார். மூத்தவளிடம் சொல்லாத கொஞ்சு மொழியெல்லாம் தம்பி அந்தச் சின்னவளிடம் சொல்கிறான் என்பது அவர் கட்சி. அவரும் அங்கேதான் தையற்பிரிவின் தலைவியாக இருந்தார். தையலக்கா என்றால் அறியாதவர் இல்லை.

சின்னவளுக்கு இப்போது ஆபத்து வந்திருந்தது. இரண்டு அடுக்குகள் எதற்கு, இரண்டு செலவு எதற்கு என்று மேலாளர் கேட்டார். மென்மையும் தாங்கும் திறனும் மக்கள் மனத்தில் வெவ்வேறானவை என்று கணக்கு சொன்னால் மெத்தை தயாரிப்புக்குப் போகும். இரண்டும் ஒன்றே என்று சொன்னால் பழைய ஒற்றை அடுக்கு மெத்தையே போதும். சின்னவள் கிடங்குக்குப் போவாள், மெத்தைக்காரர் தலையணை உறைப் பிரிவுக்குப் போவார். அன்று மாலை கூட்டம். அதற்குள் கணக்கை முடித்துக் கையெழுத்திட்டுத் தரவேண்டியவள் புள்ளி.

கணக்கு எளிதாகவே இருந்திருக்க வேண்டும். சென்ற ஆண்டே பலரை வரவழைத்து, அந்த மெத்தையில் படுக்கவைத்து, படுத்த நிலையிலேயே பன்னிரண்டு கேள்விகள் கேட்கப்பட்டிருந்தன. கேட்டவர் தையலக்கா. விடைகளைக் கணக்கிட்டவர் புள்ளிக்கு முன்பு அந்நாற்காலியில் இருந்தவர்; அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். விடைத்தாள்களோ, அத்தொழிற்சாலையின் வழக்கப்படி நார்நாராகக் கிழிக்கப்பட்டுப் பெட்டிகளில் அடைபொருளாகப் போய்விட்டன. மக்களின் கருத்துகள் யாவும் எங்கெங்கோ வீடுகளில் தலையணைகளைச் சுற்றிக் கிடந்தன. எஞ்சியது ஓர் அட்டவணை மட்டுமே: பன்னிரண்டு வரிசை, பன்னிரண்டு நிரல், கட்டத்துக்கு ஓர் எண். ஒரு கேள்விக்கு மிகுதி என்றவர்கள் இன்னொரு கேள்விக்கும் மிகுதி என்றிருந்தால் அவ்விரண்டுக்கும் உரிய எண் ஒன்றை நெருங்கும். ஒன்று ஏற மற்றது இறங்கினால் கழித்தற்குறியோடு நிற்கும். தொடர்பே இல்லையெனில் பூச்சியத்தை ஒட்டும். கேள்விகளுக்கிடையே உள்ள இந்த ஒட்டுறவை வைத்துக்கொண்டே, அவற்றின் பின்னால் ஒளிந்திருக்கும் காரணிகள் ஒன்றா இரண்டா என்று மென்பொருள் சொல்லிவிடும். விடைத்தாள்கள் இல்லையென்றாலும் குற்றமில்லை என்று புள்ளி நம்பினாள்.

காலையில் அவள் கைக்குட்டையால் திரையைத் துடைத்துவிட்டு அமர்ந்தாள். தையலக்கா எண்களைப் படிக்க, அவள் தட்டச்சு செய்தாள். மெத்தைக்காரர் இருவருக்கும் பின்னால் நின்று, உதவுகிறேன் என்ற பெயரில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அட்டவணை முழுவதும் ஏறியதும் புள்ளி கட்டளையை இட்டாள். மென்பொருள் தயங்காமல் விடை சொல்லிற்று: பன்னிரண்டு பேர் கருத்துச் சொல்லியுள்ளனர், அது பகுப்பாய்வுக்குப் போதாது.

"யாரும்மா அந்தப் பன்னிரண்டு பேர்? நான் பார்த்தவங்க அதைவிட ரொம்ப அதிகம்," என்றார் தையலக்கா.

புள்ளி தலையில் கை வைத்துக்கொண்டாள். அட்டவணையின் ஒவ்வொரு வரிசையையும் மென்பொருள் ஓர் ஆளாகக் கருதிவிட்டது. மூன்றாம் வரிசையில் இருக்கும் மென்மை என்னும் கேள்வி, ஒரு மனிதராக மாறி, மற்றக் கேள்விகளுக்கெல்லாம் பூச்சியம் புள்ளி இவ்வளவு என்று விடை சொல்லியிருந்தது. இதைக் கேட்ட மெத்தைக்காரர், அந்த மென்மை என்பவர் திருமணமானவரா என்று விசாரித்தார். புள்ளி அவரை வெளியே போகச் சொன்னாள். அவர் போகவில்லை.

இவை ஆட்கள் அல்ல, ஒட்டுறவு எண்கள் என்று ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் எழுதிக் காட்டவேண்டும். அதனை எழுதினாள். இம்முறை மென்பொருள், எத்தனை பேரிடம் கேட்டீர்கள் என்று தெரியாமல் நான் எப்படிக் கணக்கிடுவது என்னும் பொருளில் ஒரு செய்தி காட்டிற்று. அட்டவணையின் அடியில் குறித்திருந்த ஆள்தொகைக்கெனத் தனி வரிசை ஒன்று இட்டாள். மீண்டும் பிழை. அட்டவணையில் ஒரு கேள்வி தன்னையே சந்திக்கும் மூலைவிட்டக் கட்டங்களில் எண்ணுக்குப் பதிலாகச் சிறு கோடு அச்சிடப்பட்டிருந்தது. தையலக்கா அவற்றைப் படிக்காமல் தாண்டிவிட்டார், புள்ளியும் வெறுமையாக விட்டிருந்தாள். தன்னோடு தனக்கு உள்ள உறவு எப்போதும் ஒன்று என்று விளக்கி, அங்கெல்லாம் ஒன்று இட்டாள்.

"தன்னோட தானே ஒத்துப்போறது அவ்வளவு சுலபமா என்ன? உன் புருஷனைக் கேளு," என்றார் தையலக்கா.

நான்காம் முயற்சியில், கண்ணாடிப் பிம்பம்போல ஒத்திருக்க வேண்டிய அட்டவணையின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஓரிடத்தில் முரண்படுவதை மென்பொருள் கண்டுபிடித்தது. எண்களைப் பின்னிருந்து முன்னாகப் படித்து, ஒரு கட்டத்தில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருப்பதைப் புள்ளி திருத்தினாள். எல்லாம் சரியாயிற்று. மூவரும் திரையை நோக்கிக் குனிந்தனர். மென்பொருள் சற்று நேரம் யோசித்துவிட்டு, இத்தகைய அணி, அதாவது இப்படியோர் எண் அட்டவணை, இருக்கவே முடியாது என்று அறிவித்தது.

பிழை என்று சொல்லியிருந்தால் புள்ளி கலங்கியிருக்கமாட்டாள். இருக்கவே முடியாது என்பது வேறு. அவள் விவரங்களைத் திறந்து பார்த்தாள். கணக்கின் உள்ளே ஒரு காரணி, மக்களின் கருத்து வேறுபாட்டில் பூச்சியத்தைவிடக் குறைவான பங்கை விளக்குவதாக நின்றிருந்தது. ஒன்றுமே செய்யாதவரைப் பார்த்திருக்கிறோம், ஒன்றுமில்லாததைவிடக் குறைவாகச் செய்பவரை இப்போதுதான் காண்கிறோம் என்று மெத்தைக்காரர் வியந்தார். தங்கள் பிரிவில் அப்படி ஒருவர் உண்டு என்று தையலக்கா பெயரையே சொல்லத் தொடங்கினார். மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாலைக் கூட்டத்தை நினைத்து அடக்க முயன்றார்கள். அடக்க அடக்க அது பெருகிற்று.

சிரித்து முடித்தபின் புள்ளி குற்றவாளிகளைப் பிடித்துவிட்டாள். மூன்று கேள்விகள். மெத்தை மென்மையாக இருக்கிறதா என்பது மூன்றாவது. உடல் இளகுகிறதா என்பது ஐந்தாவது. இதனை வாங்குவீர்களா என்பது கடைசி. மூன்றாவதும் ஐந்தாவதும் கைகோத்துக்கொண்டு ஏறின. ஐந்தாவதும் கடைசியும் அவ்வாறே. ஆனால் மூன்றாவதும் கடைசியும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நின்றன.

"அண்ணி, நான் எப்பவும் உங்க பக்கம், நீங்க எப்பவும் இவர் பக்கம்னு வெச்சுக்குங்க. அப்புறம் நான் எப்பவும் இவருக்கு எதிர்ப்பக்கமா நிக்க முடியுமா?"

"நம்ம வீட்டுல முடியும்."

"எப்படி?"

"ஒவ்வொரு சண்டைக்கும் ஒவ்வொரு கூட்டம் வேடிக்கை பார்க்குது. அவங்கவங்க பார்த்ததைச் சொல்றாங்க."

புள்ளி அதனை வேடிக்கைப் பேச்சென்று விட்டுவிட்டாள். நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மென்பொருளில் ஒரு வசதி உண்டு. பொருந்தாத எண்களை ஆங்காங்கே சிறிது மழித்து, அணியை ஏற்கத்தக்கதாக்கிவிடும். தச்சர் ஆடும் நாற்காலியின் காலை இழைத்து நிறுத்துவதைப்போன்றது அது. அவள் அந்தப் பொத்தானை அழுத்தினாள். கண் இமைக்கும் நேரத்தில் அறிக்கை வந்தது. இரண்டு காரணிகள். ஒன்று மென்மை, மற்றொன்று தாங்கும் திறன். நடுவே ஆறு ஓடுவதைப்போலத் தெளிவாகப் பிரிந்து நின்றன.

மெத்தைக்காரர் அக்காளின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு மேசையைச் சுற்றிவந்தார். தையலக்கா, விடுடா விடுடா என்று சொல்லிக்கொண்டே தம்பியைவிட வேகமாகச் சுற்றினார். தாள் அச்சாகி வெளியே வந்ததும் மெத்தைக்காரர் அதன் மீது ஊதி, சூடாக இருக்கிறது என்று மனைவியிடம் நீட்டினார். புள்ளி எழுதுகோலை எடுத்தாள். பிறகு கீழே வைத்தாள்.

"நான் இன்னும் அந்த மெத்தையில படுத்துப் பார்க்கலையே," என்றாள்.

கணவர் முகம் வாடிற்று. நியதியை அறிந்தவர் ஆதலால் தடுக்கவில்லை. கூட்டத்துக்கு முன் முடித்துவிடும்படி மட்டும் கேட்டுக்கொண்டார். புள்ளி தையலக்காவிடம், சென்ற ஆண்டு மற்றவர்களிடம் எப்படிக் கேட்டாரோ அப்படியே, ஒரு சொல்லும் கூடாமல் குறையாமல் தன்னிடமும் கேட்கவேண்டும் என்றாள். தையலக்கா புதிய விடைத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

சோதனை அறை சிறியது. சன்னலில் தடித்த திரைச்சீலை. நடுவே கட்டில், அதன் மேல் சின்னவள், பக்கத்தில் ஒரு முக்காலி. புள்ளி காலணியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தாள். தையலக்கா முக்காலியில் அமர்ந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டார். தையற்பிரிவில் நாற்பது எந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் கத்தும் அந்தக் குரல், இங்கே வேறு குரலாயிற்று. தாழ்ந்து, நிறுத்தி நிறுத்தி, தொட்டிலை ஆட்டுபவரின் குரலாயிற்று. முதற் கேள்விக்குப் புள்ளி கால்மணி யோசித்து விடை சொல்லும் தன் வழக்கப்படி பல விளக்கங்கள் கேட்டாள். மூன்றாம் கேள்விக்கு மென்மை மிகுதி என்றாள். ஐந்தாம் கேள்விக்கு உடல் மிகவும் இளகுகிறது என்றாள். ஆறாம் கேள்விக்கு விடை மட்டும் சொன்னாள். ஏழாம் கேள்விக்குத் தலையை மட்டும் அசைத்தாள். முதுகு தாங்கப்படுகிறதா என்பது எட்டாம் கேள்வி. அதன் பாதியை அவள் கேட்டாள்.

பின்னர் அவளுடைய தோளை யாரோ அசைத்தார்கள். அறை இருட்டாக இருந்தது. மேலே ஒரு போர்வை கிடந்தது. மேலாளர் வந்துகொண்டிருக்கிறார், எழுந்திரு என்று கணவர் விளக்கைப் போட்டபடி பதறினார். வாழ்நாளில் முதன்முறையாகப் பகலில் உறங்கிவிட்ட புள்ளி எழுந்து உட்கார்ந்து, எந்த ஊர், எந்த ஆண்டு என்பதுபோல் விழித்தாள். பக்கத்து முக்காலியின் மேல் விடைத்தாள் இருந்தது. ஏழு கேள்விகளுக்கு எதிரே விடைகள். எட்டு முதல் பன்னிரண்டு வரை, தையலக்காவின் கையால் ஐந்து சின்னக் கோடுகள்.

அவள் அக்கோடுகளை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தாள். பிறகு தையலக்காவைக் கூப்பிட்டு, இது என்ன என்று கேட்டாள்.

"நீ தூங்கிட்டே. கோடு போட்டேன்."

"எல்லாருக்கும் இப்படித்தான் போட்டீங்களா?"

"தூங்கினவங்களுக்கு மட்டும்."

"எத்தனை பேர் தூங்கினாங்க, அண்ணி?"

"பாதிக்கு மேல இருக்கும். போர்வையைப் போர்த்திட்டு விளக்கை அணைச்சிட்டு வந்துடுவேன். தூங்குறவங்களை எழுப்பி உட்கார வெச்சுக் கேள்வி கேட்குற குடும்பமா நாம?"

புள்ளிக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பிற்று. மெத்தையின் மேலேயே சாய்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். மெத்தை அவளோடு சேர்ந்து குலுங்கிற்று. கணவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளைப் பார்த்து அவரும் சிரித்துவைத்தார். மூச்சு வந்ததும் அவள் விளக்கினாள். முதற் கேள்விகளுக்கு எல்லோரும் விடை சொன்னார்கள். மெத்தை பிடித்தவர்கள் இடையிலேயே உறங்கிவிட்டார்கள். கடைசிக் கேள்விகளுக்கு விடை சொன்னவர்கள், அந்த மெத்தையில் உறக்கம் வராதவர்கள் மட்டுமே. முந்தைய கணக்கர் கோடுகளைக் கண்டு கலங்காமல், ஒவ்வொரு சோடிக் கேள்விக்கும் எவர் விடை இருந்ததோ அவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு எண் கண்டிருக்கிறார். ஒரே அட்டவணையில் இரண்டு கூட்டங்கள் உட்கார்ந்திருந்தன. இருக்கவே முடியாது என்று மென்பொருள் சொன்னது முழு உண்மை.

"அக்கா, இதை ஏன் அப்பவே சொல்லலை?" என்று மெத்தைக்காரர் கேட்டார், அவருக்கு மகிழ்வதா அழுவதா என்று தெரியவில்லை.

"மெத்தையில தூங்குறது ஒரு சேதியாடா? யார் கேட்டாங்க? பன்னிரண்டு கேள்வியில அது ஒரு கேள்வியா இருந்துதா?"

அந்நேரம் மேலாளர் அறைக்குள் வந்தார். கூட்டத்துக்கு எல்லோரும் வந்துவிட்டதாகவும் அறிக்கை எங்கே என்றும் கேட்டுக்கொண்டே கட்டிலின் விளிம்பில் உட்காரப் போனார். புள்ளி விடைத்தாளைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். அவர் அந்த ஐந்து கோடுகளையும் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார், சுட்டுக்கொண்டவர்போல விருட்டென்று நிமிர்ந்து, தான் நின்றே கேட்பதாகச் சொன்னார்.

கேட்டபின் அவர் சொன்னது நியாயமாகவே இருந்தது. அச்சான அறிக்கை இரண்டு காரணி என்கிறது. படுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் உறங்கியிருக்கிறார்கள். இரண்டுமே மெத்தைக்குச் சாதகம். கையெழுத்து ஒன்றுதான் குறை. இன்று அறிக்கை இல்லையென்றால் மெத்தையை ஒதுக்கி வைத்துவிடுவார்கள். அவளுடைய கணவரைத் தலையணை உறைப் பிரிவுக்கு அனுப்பும் ஆணையில் தான் கையெழுத்திடும்படி ஆகும். பின்னர் என்ன நடக்கும் என்று உறுதி சொல்ல இயலாது.

"கணக்கும் நம்ம பக்கம், தூக்கமும் நம்ம பக்கம். போட்டுத் தொலையேன், ராசாத்தி," என்றார் தையலக்கா தாழ்ந்த குரலில், கேள்வி கேட்கும்போது வந்த அதே குரல்.

புள்ளி அச்சான தாளை எடுத்துப் பார்த்தாள். மெத்தை நல்லது என்பதில் அவளுக்கு ஐயமில்லை; அதன் சுருக்கம் இன்னும் அவள் கன்னத்தில் பதிந்திருந்தது. ஆனால் மேலாளரின் கேள்வி அது அன்று. மென்மையும் தாங்கும் திறனும் வேறா, ஒன்றா என்பதே கேள்வி. முதுகைப் பற்றிய எட்டாம் கேள்வி வருவதற்குள் உறங்கிப்போனவர்கள் அதற்கு விடை சொல்லவே இல்லை. அவர்களுக்காக மென்பொருள் எண்களை இழைத்து ஒரு விடையைச் செய்திருந்தது. அவளும் அதற்கு விடை சொல்லவில்லை. பாதிக் கேள்வியோடு போய்விட்டாள்.

அவள் கணவரை ஏறிட்டுப் பார்த்தாள். மெத்தைக்காரர் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். மூலையோடு மூலை சேர்த்து, சுருக்கம் இல்லாமல், மிகுந்த கவனத்தோடு மடித்தார். மடித்து வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"தலையணை உறையும் மெத்தை மேலதான கிடக்கும்," என்றார். "நான் பக்கத்துலேயே இருப்பேன்."

தையலக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, இந்தச் சோடிக்கு ஒட்டுறவு எவ்வளவு என்று யாராவது கணக்குப் போட்டீர்களா என்று கேட்டார். மேலாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறைப்பதற்காக அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

புள்ளி அறிக்கையை இரண்டாக மடித்து விடைத்தாளின் அடியில் வைத்தாள். குனிந்து காலணியை மாட்டிக்கொண்டாள்.

"இதுல நான் கையெழுத்துப் போடலை, சார். நாளையிலிருந்து மறுபடியும் ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். முதுகுக் கேள்வியை முதல்ல கேட்பேன். தூங்கினவங்களை எழுப்ப மாட்டேன், தூங்கினாங்கன்னு எழுதிக்குவேன்."